விருந்துவழங்கி சும்மா இருப்பதில்லை

வாசகர் கேள்விகளும் மருத்துவ ஆய்வாளரின் பதில்களும்

பற்றீரியாத் தொற்றுகளைப் பற்றிக் கடந்த இதழில் நான் எழுதிய கட்டுரையின் அடியில், வாசகர்கள் கேள்வி அனுப்பலாம் என்று ஆசிரியர் ஒரு வரி சேர்த்திருந்தார். முப்பது ஆண்டுகளை வாட்டிலும் ஆய்வுகூடத்திலுமாகக் கழித்த ஒருத்திக்குக் கடிதங்கள் வந்ததில் மகிழ்ச்சி. அவற்றில் பாதிக்கு மேல் மருந்துச் சீட்டுக் கேட்டு வந்தவை; நோயாளியைப் பாராமல் பத்திரிகையில் மருந்து எழுதுவது முறையன்று என்பதால், அவர்கள் அருகிலுள்ள வைத்தியரிடம் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். மிகுதியிலிருந்து ஐந்தை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: டொக்டர், வெள்ளம் வடிந்த பின் எங்கள் வீட்டைக் கழுவித் துப்புரவு செய்தவர்கள் நானும் என் இரண்டு தம்பிமாரும். மூவரும் நின்றது ஒரே சேற்றுத் தண்ணீரில். எனக்கு எதுவும் வரவில்லை. மூத்த தம்பிக்கு மூன்று நாள் காய்ச்சல். கடைசித் தம்பியோ எலிக்காய்ச்சல் என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, சிறுநீரகம் செயலிழந்து, குருதிச் சுத்திகரிப்புச் செய்து மீண்டு வந்தான். ஒரே கிருமி ஏன் மூன்று விதமாக நடந்துகொண்டது?
– வாசகர், கொலன்னாவ

பதில்: என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி இந்தக் கேள்வியின் பின்னாலேயே கழிந்தது, பதில் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எளிய காரணங்களை முதலில் கழித்துவிடுவோம். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்ரொஸ்பைரா என்னும் சுருள் வடிவப் பற்றீரியா எலியின் சிறுநீரோடு வெளியேறி, வெள்ளநீரிலும் சேற்றிலும் கலந்து, நம் தோலிலுள்ள கீறல்கள் வழியாகவோ கண், வாய் ஆகியவற்றின் மென்சவ்வு வழியாகவோ உட்புகுகிறது. மூவரும் ஒரே தண்ணீரில் நின்றாலும் ஒருவர் காலில் வெடிப்பு இருந்திருக்கலாம், ஒருவர் இறப்பர் சப்பாத்து அணிந்திருக்கலாம், ஒருவர் அடைபட்ட கானைக் கையாலேயே தோண்டியிருக்கலாம். ஆகவே மூவருக்குள்ளும் சென்ற கிருமிகளின் தொகை ஒன்றாக இருந்திருக்க முடியாது. காய்ச்சல் தொடங்கி எத்தனையாம் நாளில் மருந்து ஏறியது என்பதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். இவை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பின்பும் ஏதோ ஒன்று எஞ்சி நிற்கும். அந்த எச்சந்தான் என் துறை.

கிருமி தங்கி வாழும் உடலுக்கு எமது பாடநூல்கள் 'விருந்துவழங்கி' என்று பெயர் வைத்திருக்கின்றன. மாணவியாக இருந்தபோது இந்தச் சொல்லைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். அழையாமல் வந்த கிருமிக்கு யார் இலை போட்டுப் பரிமாறுகிறார்கள் என்பது எங்கள் பகிடி. எலியைப் பற்றிப் படித்த பின்புதான் சொல்லின் பொருத்தம் விளங்கியது. லெப்ரொஸ்பைராவுக்கு உண்மையான விருந்துவழங்கி எலிதான். அதன் சிறுநீரக நுண்குழாய்களில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் குடியிருக்கும். எலியோ நோயின் அறிகுறி எதுவுமின்றி ஓடித் திரியும். மனிதன் இடையில் தற்செயலாக அகப்பட்டவன். ஒரு வீட்டில் சாதுவான விருந்தாளியாக இருப்பது மற்றொரு வீட்டில் நுழைந்ததும் கலகம் மூளுகிறதென்றால், அந்தக் கலகத்தில் வீட்டுக்காரனுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

இதைப் பற்றிய சண்டை பழையது. கொலராவுக்குக் கிருமி ஒன்றே போதிய காரணம் என்று ஜேர்மன் பற்றீரியாவியலாளர் றொபேட் கொக் கூறியதை ஏற்காத மியூனிக் நகரப் பேராசிரியர் மக்ஸ் வொன் பெற்றன்கோபர், தமது எழுபதுகளில், 1892ஆம் ஆண்டு, கொலராக் கிருமி வளர்ந்த திரவத்தைத் தாமே குடித்தார். இலேசான வயிற்றோட்டத்துடன் தப்பிக்கொண்டார். சில நாட்களின் பின் அவ்வாறே செய்த அவருடைய மாணவர் எமெரிச்சை நோய் அதைவிடக் கடுமையாகத் தாக்கியது. கொக்கை மறுத்த வகையில் பெற்றன்கோபர் செய்தது பிழை. ஆனால் ஒரே கிருமிக்கு இரண்டு உடல்கள் இரண்டு விதமாகப் பதிலளித்தன என்ற அவதானம் பிழையன்று. விசித்திரம் என்னவென்றால், அதே ஆண்டில் கொக்கின் பக்கத்து ஆளான றிச்சாட் பைபர், கொலராக் கிருமி செத்த பின்பும் அதன் உடலிலுள்ள ஒரு பொருள் விலங்குகளைக் கொல்வதைக் கண்டு, அதற்கு எண்டொரொக்சின், அதாவது அகநஞ்சு, என்று பெயரிட்டார்.

பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் பாம்பின் நஞ்சைப் போல அது தானாக ஒரு கலத்தையும் கொல்வதில்லை. அதை நம் உடல் அபாய மணியாக எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. அகநஞ்சை ஏற்றினாலும் அசையாத ஒரு வகைச் சுண்டெலி ஆய்வுகூடங்களில் நெடுங்காலமாக இருந்துவந்தது. அதன் உடலில் ரி.எல்.ஆர்.4 என்னும் உணரி பழுதுபட்டிருப்பதை 1998இல் புரூஸ் பொய்ட்லரின் குழுவினர் கண்டார்கள். அதற்கு ஈராண்டு முன்னரே பழ ஈயில் இதையொத்த உணரியின் காவற்பணியை யூல்ஸ் ஹொஃப்மன் காட்டியிருந்தார். 2011இல் இருவருக்கும், ரால்ஃப் ஸ்ரைன்மனோடு சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு அந்தப் பரிசைவிடச் சுண்டெலியின் கதிதான் முக்கியமாகப்படுகிறது. அகநஞ்சால் சாகாத அதே சுண்டெலி, உயிருள்ள சல்மொனெல்லாக் கிருமிகளில் மிகச் சிலவற்றைச் செலுத்தினாலே செத்துப்போகும். மணியைக் கழற்றிவிட்ட வீட்டில் இரைச்சல் இல்லை. கள்ளன் வந்ததும் தெரிவதில்லை.

இனி லெப்ரொஸ்பைராவுக்கு வருவோம். மனிதருடைய ரி.எல்.ஆர்.4 உணரி இந்தக் கிருமியின் மேலுறையிலுள்ள கொழுப்பை அடையாளம் காண்பதில்லை. சுண்டெலியின் உணரி அடையாளம் காண்கிறது. நம்மில் மணி பிந்தி அடிப்பதற்கும், அடிக்கத் தொடங்கும்போது கிருமி ஏற்கெனவே ஈரலிலும் சிறுநீரகத்திலும் பரவியிருப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் நீங்கள் மூவரும் மனிதர்கள், அதிலும் சகோதரர்கள் என்று கேட்பீர்கள். 1930இல் ஜேர்மனியின் லூபெக் நகரில், பீ.சீ.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பு மருந்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி தவறுதலாகக் கலந்து, 250இற்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்கு ஊட்டப்பட்டது. 70இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலானோர் நோயுற்றும் பிழைத்துக்கொண்டனர். ஒவ்வொரு குழந்தைக்கும் சென்ற கிருமியின் அளவு வேறுபட்டிருந்தது உண்மைதான் என்றாலும், யார் இறந்தார், யார் பிழைத்தார் என்பதை அளவை மட்டும் வைத்து விளக்க முடியாது. இதன் மறுபக்கத்தை 1996இல் பார்த்தோம். இலங்கையில் பிறந்தவுடன் போடும் அந்த பீ.சீ.ஜி. ஊசி ஏறக்குறைய எல்லோருக்கும் கையில் ஒரு தழும்போடு முடிந்துவிடும். மிக அரிதாக ஒரு குழந்தையின் உடல் முழுவதும் அந்த ஊசியிலுள்ள சாதுவான கிருமி பரவும். அத்தகைய குழந்தைகள் சிலரில், நோயெதிர்ப்புக் கலங்கள் அனுப்பும் இன்ரபெரோன் காமா என்னும் இரசாயனச் செய்தியை வாங்கும் உணரியின் மரபணு பழுதாக இருப்பது அவ்வாண்டு கண்டறியப்பட்டது. ஒரு பெற்றோரின் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மரபணுத் தொகுப்புக் கிடைப்பதில்லை.

உங்கள் தம்பியின் உடலில் இவற்றுள் எது நடந்தது என்று இங்கிருந்து சொல்ல இயலாது. அடுத்த வெள்ளத்துக்கு முன் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்: துப்புரவுக்கு இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ டொக்சிசைக்கிளின் குளிசை பற்றிக் கேளுங்கள். வயல் வேலைக்கு இறங்குவோருக்கு வாரம் ஒருமுறை கொடுக்கப்படுவது அதுதான்.

கேள்வி: கிருமியை விட உடலின் எதிர்வினையே கேடு செய்கிறது என்றால், அந்த எதிர்வினையை அடக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாமே?
– மருத்துவபீட மாணவர், பொரளை

பதில்: உங்களைப் போலவே நினைத்தவர்கள் பெரும் பணத்தை இழந்திருக்கிறார்கள். அகநஞ்சைக் கட்டிப்போடும் என்று நம்பப்பட்ட ஒரு பிறபொருளெதிரி 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்து, 1993இல் மீளப்பெறப்பட்டது. குருதி உறைதலையும் அழற்சியையும் ஒருங்கே தணிக்கும் என்று 2001இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ட்ரொட்ரெகொஜின் அல்பா, பத்து ஆண்டுகள் கழித்து, மறுபரிசோதனையில் பயன் காட்டாததால் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. சுண்டெலியில் இவை போன்ற மருந்துகள் அழகாக வேலை செய்தன. ஆனால் சுண்டெலிக்கு நாம் நஞ்சை ஏற்றும் நேரம் நமக்குத் தெரியும். வாட்டுக்கு வரும் நோயாளியோ மூன்று நாள் வீட்டில் பனடோல் போட்டுக் கிடந்துவிட்டு வருகிறார். அவர் வரும்போது மணி அடித்து ஓய்ந்திருக்கவும் கூடும், அப்போது நாம் அடக்கப் போவது அவருடைய எஞ்சிய காவலைத்தான்.

பலித்த ஓர் உதாரணத்தையும் சொல்ல வேண்டும். பற்றீரியா மூளைக்காய்ச்சலில் முதலாவது அன்ரிபயோட்டிக் ஊசி கிருமிகளைச் சிதறடிக்கும்போது அவற்றின் துண்டுகள் அழற்சியைக் கிளப்பும் என்பதால், அந்த ஊசிக்குச் சற்று முன்போ அதனுடனோ அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெதசோன் கொடுத்துப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் 301 பேரில் நடந்து 2002இல் வெளியான அந்த ஆய்வில் இறப்பு 15 வீதத்திலிருந்து 7 வீதமாகக் குறைந்தது. மருந்து பழையது, மலிவானது. புதிதாக இருந்தது நேரத்தைப் பற்றிய சிந்தனை. ஆனால் பெரும்பாலானோர் எச்.ஐ.வி. தொற்றுடன் தாமதமாக வந்த மலாவியில் அதையே செய்தபோது பயன் கிடைக்கவில்லை. செப்சிஸ் என்பதற்கு 2016இல் வகுக்கப்பட்ட வரைவிலக்கணமே 'தொற்றுக்கு விருந்துவழங்கி காட்டும் நிலைகுலைந்த எதிர்வினையால் உறுப்புகள் உயிராபத்தான அளவு பழுதடைதல்' என்றுதான் இருக்கிறது. பரீட்சைக்கு அதைப் பாடமாக்குங்கள். வாட்டில் 'நிலைகுலைந்த' என்ற சொல்லைக் கண்டால், எந்தப் பக்கம் குலைந்தது, எத்தனையாம் நாளில் குலைந்தது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கூடிப்போன எதிர்வினையும் குறைந்துபோன எதிர்வினையும் படுக்கையில் ஒரே முகத்தோடுதான் கிடக்கும்.

கேள்வி: முப்பது வருட ஆராய்ச்சியில் நீங்கள் கண்டுபிடித்த மருந்து எது?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், தெமட்டகொட

பதில்: ஒன்றும் இல்லை, ஐயா. எலிக்காய்ச்சல் நோயாளர்களின் குருதியிலுள்ள ஒரு புரதத்தின் அளவைக் கொண்டு, யாருக்குச் சிறுநீரகம் பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நம்பினேன். ஆறு ஆண்டுகள் உழைத்து, சொல்ல முடியாது என்று கண்டேன். இடையில் ஒரு நீண்ட வார இறுதியில், நான் அப்போது வேலை செய்த இடத்தில் மின்சாரம் நின்று மின்பிறப்பாக்கியும் இயங்காமல், பூச்சியத்துக்குக் கீழே 80 பாகையில் வைத்திருந்த நான்கு வருட மாதிரிகள் உருகிப்போயின. அந்தக் குருதியைத் தந்தவர்களில் சிலர் அப்போது உயிருடன் இல்லை. மறுபடி கேட்டு வாங்க வழியில்லை. அன்று அழுததை மறைக்கவில்லை. முடியாது என்ற முடிவையும் பிரசுரித்தேன். வேறொருவர் அதே ஆறு ஆண்டுகளைச் செலவழிக்கத் தேவையில்லை.

கேள்வி: டொக்டர் அம்மா, என் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். வைத்தியராகவும் வேண்டும், ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்கிறாள். இரண்டையும் ஒருவர் செய்ய முடியுமா? எத்தனை வருடம் போகும்? இருபத்தெட்டு வயதில் கலியாணம் பேசலாமா என்று கேட்டால் கோபிக்கிறாள்.
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கலியாணத்தைப் பற்றி மகள் சொல்வதைக் கேளுங்கள், மற்றதற்கு நான் பதில் சொல்கிறேன்.

இரண்டையும் செய்த பலர் இருந்திருக்கிறார்கள். மேலே சொன்ன றொபேட் கொக், 1876இல் அந்திராக்ஸ் கிருமியின் வாழ்க்கை வட்டத்தை வெளியிட்டபோது, எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை; சிறிய ஊர் ஒன்றில் மாவட்ட வைத்தியராக இருந்தார். கொழும்பிலேயே உதாரணம் வேண்டுமென்றால், இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் முன்னோடியான பற்றீரியாவியல் நிறுவகத்துக்கு 1903இல் பணிப்பாளராக வந்த இத்தாலியர் அல்டோ கஸ்ரெலானியைச் சொல்லலாம். இங்குள்ளோர் பறங்கி நோய் என்று அழைத்த யோஸ் புண்களிலிருந்து அதற்குக் காரணமான சுருள் கிருமியை 1905இல் கண்டவர் அவர். பிற்காலத்தில் முசோலினியின் பக்கம் சாய்ந்த அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. ஆனால் நோயாளியின் புண்ணைப் பார்த்த அதே கண்ணால் நுணுக்குக்காட்டியையும் பார்த்ததன் பயன் அந்தக் கண்டுபிடிப்பில் தெரிகிறது.

காலக் கணக்கைச் சொல்கிறேன். மருத்துவபீடத்தில் ஐந்து ஆண்டு, உள்ளகப் பயிற்சி ஓர் ஆண்டு. அதன்பின் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்துக்குத் தெரிவுப் பரீட்சை எழுதி, மருத்துவ நுண்ணுயிரியலிலோ பொது மருத்துவத்திலோ எம்.டி. படித்து, வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்து விசேட வைத்திய நிபுணராவது ஒரு வழி. பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து, கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு சென்று திரும்புவது மற்றொரு வழி. அமெரிக்காவில் இரு பட்டங்களையும் சேர்த்தே படிப்பிக்கும் அரச நிதித் திட்டம் 1964 முதல் நடக்கிறது. நம்மவர் இரண்டையும் தாமே முடிச்சுப்போட வேண்டியிருக்கிறது. எந்த வழியில் போனாலும் சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்து ஆராயத் தொடங்கும்போது முப்பத்தைந்து வயதை நெருங்கிவிடும்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உடன் படித்தவர்கள் மாலையில் தனியார் வைத்தியசாலையில் சனல் முறையில் நோயாளி பார்க்கும் நேரத்தில், உங்கள் மகள் நெறிமுறைக் குழுவுக்கு மூன்றாம் முறையாக விண்ணப்பம் திருத்திக்கொண்டிருப்பாள். வேண்டிய இரசாயனப் பொருள் துறைமுகத்தில் நிற்கும். அது வெளியில் வரும்போது காலாவதித் திகதி அண்மித்திருக்கும். இவற்றைத் தாங்குவதற்குக் கெட்டித்தனத்தைவிடப் பிடிவாதமே கூடுதலாகத் தேவை. கோபிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிடிவாதம் இருக்கிறது போலத் தெரிகிறது.

ஒன்றை மட்டும் இப்போதே பழகச் சொல்லுங்கள். ஆய்வுகூடத்தில் எவ்வளவு வேலை இருந்தாலும் வாரத்தில் ஒரு நாளாவது வாட்டுக்குப் போக வேண்டும். என் நல்ல கேள்விகள் எல்லாம் கட்டிலருகே கிடைத்தவை. நூல்நிலையத்தில் எடுத்தவை பெரும்பாலும் வேறு யாரோ ஏற்கெனவே கேட்டவை.

கேள்வி: வவுனியாவில் நெல் விவசாயம் செய்யும் என் மைத்துனருக்குச் சீனி வருத்தம் உண்டு. காய்ச்சலும் மண்ணீரலில் கட்டியும் வந்து, மெலியொய்டோசிஸ் என்று சொல்லி, வாரக்கணக்கில் ஊசி போட்டார்கள். இப்போது மூன்று மாதம் குளிசை போடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதத்திலேயே நன்றாகச் சுகம் வந்துவிட்டது. ஆகவே நிறுத்தலாம் என்கிறார். இப்படி ஒரு நோயை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: நிறுத்த வேண்டாம் என்று இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். காரணத்தைப் பின்னர் படித்துக் காட்டலாம்.

மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பேர்க்ஹொல்டேரியா சூடொமல்லை என்னும் பற்றீரியாவால் வருவது இந்நோய். மற்றக் கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் நம் தின்குழியங்கள் இதையும் விழுங்கும். இதுவோ தன்னை அடைத்த பையைக் கிழித்துக்கொண்டு கலத்தின் உட்திரவத்துக்கு வந்து, அங்கிருந்து பக்கத்துக் கலத்துக்குள் நேராகத் தள்ளிக்கொண்டு போகும். வெளியே வராததால் பிறபொருளெதிரிகளின் கண்ணில் படுவது குறைவு. காய்ச்சல் விட்டது ஊசியின் வேலை. உள்ளே பதுங்கியிருப்பவற்றைத் தீர்ப்பது அந்தக் குளிசையின் வேலை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு, தொற்றி 62 ஆண்டுகளின் பின் இந்நோய் வெளிப்பட்டதாக மருத்துவப் பதிவு இருக்கிறது.

நீங்கள் கேள்விப்படாதது உங்கள் குற்றமன்று. ரங்கூனில் மோர்பியா ஊசிக்கு அடிமையானவர்களின் உடல்களைப் பிரேத பரிசோதனை செய்தபோது, அல்பிரட் விற்மோரும் அவருடன் பணியாற்றிய கிருஷ்ணசாமியும் இதைக் கண்டு 1912இல் எழுதினார்கள்; நூல்கள் விற்மோர் நோய் என்று பெயர் சூட்டி, நம்மவரின் பெயரை விட்டுவிட்டன. இலங்கையில் டெனி, நிக்கல்ஸ் இருவரும் 1927இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அதன் பின்னர் நீண்ட காலம் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே பேசப்பட்டது. கொழும்பு மருத்துவபீட நுண்ணுயிரியலாளர்கள் 2006 தொடக்கம் தேடத் தொடங்கிய பின்புதான், பல மாவட்டங்களிலிருந்தும் நோயாளர்கள் வெளிப்பட்டார்கள். நோய் அதுவரை இல்லாமல் இருந்ததாக நான் நம்பவில்லை. குருதி வளர்ப்புத் தட்டில் முளைத்த கிருமியைச் சூடொமோனாஸ் என்னும் வேறு பற்றீரியா என்றோ, கைபட்டு வந்த மாசு என்றோ ஒதுக்கிவிடுவது இலகுவாக இருந்தது. பயிற்சிக் காலத்தில் நானும் அப்படி ஒதுக்கிய தட்டுகள் இருக்கக்கூடும். அதை நினைக்க இப்போதும் சங்கடமாக இருக்கிறது. இன்று சிறிய ஆய்வுகூடத்திலும் கிருமி வளரும் தட்டில் மூன்று மருந்து வில்லைகளை வைத்துச் சந்தேகப்படலாம்: ஜென்ரமைசினுக்கும் கொலிஸ்ரினுக்கும் அடங்காமல், கோ-அமொக்சிக்கிளாவுக்கு மட்டும் அடங்கினால் உடனே விழிக்க வேண்டும்.

உங்கள் மைத்துனரை ஏன் பிடித்தது என்றால், சேற்றில் எல்லா விவசாயிகளும் நிற்கிறார்கள். அவர்களுள் நீரிழிவு உள்ளவர்களையே இக்கிருமி பெரும்பாலும் தேடிப் பிடிக்கிறது. சீனி கூடிய குருதியில் வெண்குழியங்கள் மந்தமாகின்றன. இங்கேயும் விருந்துவழங்கியின் பக்கம் ஒரு வியப்பு உண்டு. நீரிழிவுக்குக் குளிபென்கிளமைட் குளிசை எடுத்துவந்தவர்கள் மெலியொய்டோசிசில் குறைவாக இறந்ததாக 2011இல் தாய்லாந்து நோயாளர்களைக் கொண்டு எழுதினார்கள். அந்த மருந்து அழற்சியைத் தணிப்பது காரணமாக இருக்கலாம். கவர்ச்சியான தகவல்தான். ஆனால் அது அவதானிப்பு மட்டுமே; இதை வாசித்துவிட்டு யாரும் தங்கள் சீனிக் குளிசையை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

தாய்லாந்திலேயே 1989இல் வெளியான ஆய்வொன்றில், செப்டசிடிம் ஊசி கடுமையான நோயாளரின் இறப்பை 74 வீதத்திலிருந்து 37 வீதமாகக் குறைத்தது. அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவர் குளிசையில் தவறக்கூடாது. இதற்கு வழக்கமாகத் தரும் கோ-ரைமொக்சசோல் குளிசையால் தோலில் கொப்புளமோ பரவலான சிவப்போ கண்டால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் அன்றே போகச் சொல்லுங்கள். வைத்தியர் வேறு மருந்துக்கு மாற்றுவார், தானாக நிறுத்துவதும் மாற்றுவதும் ஒன்றல்ல. வயலுக்கு இறங்கும்போது சப்பாத்துப் போடட்டும், காலில் புண் இருக்கும் நாளில் இறங்காதிருக்கட்டும். அவருடைய கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் இந்நோயின் பெயரைப் பெரிதாக எழுதித் தரும்படி கேளுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறோர் ஊரில் காய்ச்சலோடு போய் நின்றால், அங்குள்ள இளம் வைத்தியர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெயரைத்தான்.